அளவுகோலின் மகளுக்குக் காது வலி

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் தெளிந்திருந்தது. மேற்கிலிருந்து மென்காற்று வீசியது. வெப்பம் மிகுந்திருந்தபடியால் அரசு அலுவலகக் கட்டடத்தின் மின்விசிறிகள் யாவும், அதாவது சுழலக்கூடிய நிலையில் இருந்தவை யாவும், சுழன்றுகொண்டிருந்தன.

சுழலும் மின்விசிறியைத் துடைத்தல் இயலாது. ஆகவே அக்கட்டடத்தின் மின்விசிறி துடைப்பாளர், மூன்றாம் மாடி நடைக்கூடத்தில் தம் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் கீழ்ப்படியில் அமர்ந்து, தம் மகளின் காதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

ஏணி என்பது இரண்டு நெடுங்கட்டைகளுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்ட ஒரு சாதனம். அதன் பயன் ஏறுதல். ஏறியவர் பின்னர் இறங்குவதும் அதனாலேயே நிகழும். மின்விசிறி துடைப்பாளரை அது இல்லாமல் பார்த்தவர் எவரும் இலர் என்பதால், அலுவலகத்தார் அவரையும் ஏணி என்றே அழைத்தனர். "ஏணிய வரச் சொல்லு" என்று எவரேனும் கூறினால் இருவரும் சேர்ந்தே வந்தனர்.

மகளுக்கு வயது நான்கு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவளது இடக்காதினுள் சீழ் பிடித்திருந்தது. அரசுக் குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர் காதுக்குள் சிறு விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, தெளிவாகவே கூறினார்.

"இந்த சிரப்ப ஒரு நாளைக்கு மூணு வேளை கொடுங்க. புட்டி தீர்ற வரைக்கும் கொடுக்கணும். அசட்டையா விட்டுட்டீங்கன்னா அந்தக் காது கேக்காமப் போயிடும்."

மருத்துவமனையின் மருந்தகச் சன்னலில் மருந்தாளுநர் அமர்ந்திருந்தார். அவர் சீட்டைப் படித்தார், பெருமூச்சு விட்டார்.

"சிரப் வரலைங்க. மாத்திரைதான் இருக்கு. பெரியவங்க மாத்திரை. நாலா உடைச்சுக் கொடுங்க."

"உடைச்சா சமமா வருமா சார்?"

"நாலு துண்டு வரும்னுதான் சொன்னேன். சமமா வரும்னு சொன்னேனா?"

துண்டுகள் சமமாக இருந்தாலும் பயன் இருந்திராது. வாலு எதையும் துப்புவதில் வல்லவள். மாத்திரைத் துண்டை வாழைப்பழத்தினுள் ஒளித்துக் கொடுத்தபோது, பழத்தை விழுங்கிவிட்டு மாத்திரையை மட்டும் தாயின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். பொடித்துச் சர்க்கரையில் குழைத்தபோது, சர்க்கரை கரையும்வரை பொறுத்திருந்து பின்னர் துப்பினாள். அது எதிர்ச்சுவரின் நாட்காட்டியில் சனிக்கிழமையின் மேல் சென்று விழுந்தது. "குறி தப்பாது உம்பொண்ணுக்கு" என்று மனைவி கூறினார். குறை கூறும் வேளைகளில் மட்டும் வாலு கணவரின் மகளாக இருந்தாள்.

தனியார் மருந்துக் கடையில் சிரப் இருந்தது. கடைக்காரர் புட்டியை எடுத்துக் காட்டினார், விலையைக் கூறினார், ஏணியின் முகத்தைக் கண்டார், புட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். காட்டியதற்குக் கட்டணம் வாங்கவில்லை. அதன் விலை ஏணியின் ஏழு நாள் கூலி. கடன் கேட்கத்தக்கவர்களிடமெல்லாம் சென்ற மாதமே கேட்டாகிவிட்டது.

இவ்வாறு அவர் சிந்தனையில் ஆழ்ந்திருக்கையில் ஐந்தாம் மாடியிலிருந்து ஓர் ஏவலர் ஓடி வந்தார்.

"ஏணி, உன்ன இயக்குநர் கூப்பிடுறாரு."

"ஏணியோடவா, ஏணி இல்லாமலா?"

"அத அவரு சொல்லல."

எதற்கும் இருக்கட்டும் என்று ஏணியையும் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாடியில் குழந்தைகள் மருந்து இயக்ககம் இயங்கிவந்தது. நாட்டிலுள்ள குழந்தைகளுக்கு இன்றியமையாத மருந்துகள் கிடைக்கின்றனவா, அவை வாங்கத்தக்க விலையில் உள்ளனவா என்று அளப்பது அதன் கடமை. மருந்தை வாங்குவதோ வழங்குவதோ அதன் கடமை அன்று. அதற்கு வேறொரு துறை இருக்கிறது என்று நம்பப்பட்டது.

கதவைத் திறந்ததும் உள்ளே இருந்தோர் எழுந்து கைதட்டினர். தமக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் என்று எண்ணிய ஏணி, வழிவிடும்பொருட்டு ஒதுங்கினார். அவ்வாறு ஒதுங்கியதில் ஏணியின் முனை துணை இயக்குநரின் தேநீர்க் குவளையைத் தட்டிவிட்டது. அதற்கும் கைதட்டினர்.

"வாங்க, வாங்க! உட்காருங்க!" என்றார் இயக்குநர். அக்கட்டடத்தில் ஏணியை எவரும் 'வாங்க' என்று அழைத்தது அதுவே முதன்முறை. "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நாடு முழுக்கத் தேடிப் பாத்தோம். மொத்த அரசாங்கத்துலயே ரொம்பக் குறைஞ்ச சம்பளம் வாங்குற ஊழியர் நீங்கதான்!"

"எனக்குக் கீழ யாருமே இல்லையா சார்?"

"ஒருத்தர்கூட இல்ல. போன மாசம் வரைக்கும் துறைமுகத்துல முத்திரை குத்துறவர் ஒருத்தர் இருந்தாரு. மயிரிழையில உங்ககிட்ட தோத்துட்டாரு."

"எனக்கு விசிறிக்கு இவ்வளவுன்னு கணக்கு சார். நம்ம கட்டடத்துல விசிறி குறைஞ்சிடுச்சு. அதான்..."

"ஏன் குறைஞ்சுது?" என்று இயக்குநர் பெருமிதத்துடன் வினவினார். "இந்த மாடி முழுக்க ஏசி போட்டோம்ல, அதனால. ஆக, உங்க இந்தப் பெருமையில எங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கு. சொல்லிக்கக் கூடாதுன்னுதான் இருந்தோம்."

பின்னர்த் துணை இயக்குநர் வெண்பலகையின் அருகே சென்று விளக்கினார். ஒரு மருந்து வாங்கத்தக்க விலையில் உள்ளதா என்பதை எவ்வாறு அறிவது? மருந்தின் விலையை, மிகக் குறைந்த ஊதியம் பெறும் அரசு ஊழியரின் ஒரு நாள் கூலியால் வகுக்க வேண்டும். விடை ஒன்று அல்லது அதற்குக் கீழ் வந்தால் வாங்கத்தக்கது. மிகுந்தால் வாங்கத்தகாதது. இம்முறைக்கு ஓர் ஊழியர் வேண்டும். அவர் பெயர் அளவுகோல்.

"அதாவது சார், நான்தான் அளவுகோலா?"

"நீங்களேதான். இனிமே பத்திரமா இருங்க. வெயில்ல அலையாதீங்க."

முதலில் அளக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்து, காதில் சீழ் பிடித்தால் குழந்தைகளுக்குத் தரும் சிரப். அதன் மாதிரிப் புட்டி ஒன்று கண்ணாடி அலமாரியின் உச்சித் தட்டில், பூட்டின் பாதுகாப்பில், சிறு விளக்கொளியில் வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் ஏணி எழுந்து நின்றார்.

"சார், இதே மருந்துதான் சார்! எம்பொண்ணுக்கு இதத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. காதுல சீழ் சார். இத எனக்குக் கொடுத்தீங்கன்னா..."

"அடடா! என்ன ஒரு பொருத்தம்!" என்று இயக்குநர் மகிழ்ந்தார். துணை இயக்குநரிடம் திரும்பி, "குறிச்சுக்கோங்க, அளவுகோலுக்கே அந்த வியாதி" என்றார்.

"எனக்கில்ல சார், எம்பொண்ணுக்கு."

"இன்னும் நல்லது. ஆனா நீங்க வாங்கக் கூடாது. தராசே சந்தைக்குப் போயி காய்கறி வாங்க ஆரம்பிச்சா, எடை யாரு போடுறது?"

இடையில் துணை இயக்குநர் வகுத்து முடித்திருந்தார். விடை ஏழு.

ஏழு வரக் கூடாது. ஏனெனில் வரும் வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வரவிருந்தது. நாட்டின் குழந்தைகளுக்கு மருந்து எட்டும் விலையில் உள்ளது என்று அக்குழுவின்முன் அறிவிக்க இயக்குநர் ஏற்கெனவே உரை எழுதி, மனப்பாடமும் செய்துவிட்டார்.

"வெலையக் குறைக்கலாமே சார்?" என்று ஏணி பணிவுடன் கேட்டார்.

"விலைக்குழு ஆறாவது மாடி. லிஃப்ட் இங்க வரைக்கும்தான் வருது."

"மாடிப்படி இருக்கே சார்."

"படியேறிப் போனா அது சொந்த விஷயமாப் போன மாதிரி ஆயிடும். பதவியில இருக்கறவங்க லிஃப்ட்லதான் போகணும்."

"எங்கிட்ட ஏணி இருக்கு சார்."

இதனை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து, அளவுகோலின் கூலியை ஏழு மடங்காக உயர்த்தலாம் என்று துணை இயக்குநர் கூறினார். ஆனால் இயக்குநர் அதில் ஓர் ஆபத்தைக் கண்டார். கூலி உயர்ந்தால் ஏணி கடைசியில் நிற்கமாட்டார். துறைமுகத்து முத்திரைக்காரர் அளவுகோலாகிவிடுவார். அவருக்கும் உயர்த்தினால் அவருக்கு அடுத்தவர். இப்படியே ஒவ்வொருவராக உயர்த்திக்கொண்டே போனால் இறுதியில் எவர் கடைசியில் நிற்பார்? இயக்குநர் ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தார். கணக்கிட்டதும் அத்தாளை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். அது நாட்டுக்கு நல்லதில்ல."

அப்போதுதான் துணை இயக்குநருக்கு அந்த எண்ணம் உதித்தது. விலையைத் தொடக் கூடாது. கூலியைத் தொடக் கூடாது. எஞ்சியிருப்பது நாள் ஒன்றே. அதனைத் தொட எவருடைய இசைவும் தேவையில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஆணை பிறந்தது. அதன் வாசகம் வருமாறு: 'இதுவரை நாள் எனப்பட்டது மிகக் குறுகியதாகவும் ஏழைகளின் தேவைக்குப் போதாததாகவும் இருந்தமையால், இனி ஒரு நாள் என்பது திங்கட்கிழமை காலை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை இரவு முடியும். இவ்வாணை இக்கட்டடத்தின் எல்லா நோக்கங்களுக்கும் பொருந்தும்.'

"இப்ப வகுங்க" என்றார் இயக்குநர். வகுத்தார்கள். விடை ஒன்று. மீண்டும் கைதட்டல் எழுந்தது. இயக்குநர் ஏணியின் தோளைத் தட்டினார்.

"பாத்தீங்களா? நேத்து உங்களால வாங்க முடியாத மருந்து, இன்னிக்கு உங்க ஒரு நாள் கூலிதான்! எப்படி இருக்கு?"

ஏணி தம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

"பையில நேத்து இருந்ததுதான் சார் இருக்கு."

"பைய பத்தி நாங்க பேசல. வாங்குற சக்திய பத்திப் பேசறோம். சக்தி கண்ணுக்குத் தெரியாது."

அதற்குள் துணை இயக்குநர் மற்றொரு நன்மையையும் கண்டறிந்துவிட்டார். மருத்துவர் ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றே எழுதியிருக்கிறார். நாள் நீண்டுவிட்டபடியால் இனி வாரத்திற்கு மூன்று வேளை கொடுத்தால் போதும். ஒரு புட்டி ஒரு குழந்தைக்கு ஏழு மடங்கு காலம் வரும். "ஒரே ஆணையில விலையும் குறைஞ்சுது, மருந்தும் பெருகிடுச்சு!" என்று கூறி, மகிழ்ச்சியால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இச்செய்தியை ஏணி வீட்டில் கூறியபோது, மனைவி பழைய தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து பள்ளிச் சீருடையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா தைத்துக்கொண்டிருந்தார். வாலு, காதில் பஞ்சுடன், மேசையின் அடியில் முனகிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு மூணு வேளையா?" என்று கேட்டு மனைவி சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "காது வலியும் வாரத்துக்கு மூணு தடவதான் வரணும்னு அதுக்கும் ஒரு ஆர்டர் போட்டாங்களா?"

"அத கேக்கலடி."

"கேக்க மாட்டீங்களே. ஏறுனா ஏறிக்கிட்டே இருப்பீங்க. ராத்திரி பூரா புள்ள இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியாம அழுதா. நான் கூப்பிட்டா பாதி நேரம் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா. அவ வேணும்னே பண்றாளா, நிஜமாவே கேக்கலையான்னு எனக்குத் தெரியல. பயமா இருக்குங்க."

ஏணி குனிந்து, "வாலு" என்று மெல்ல அழைத்தார். மகள் அசையவில்லை. "மிட்டாய்" என்று இன்னும் மெல்லக் கூறினார். அப்போதும் அவள் அசையவில்லை. அன்று அவர் உணவை முடிக்காமலே எழுந்தார்.

வியாழக்கிழமை, ஆணை தன் வேலையைத் தொடங்கியது. கணக்குப் பிரிவின் அதிகாரி ஒரு பெண்மணி. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்பவர் என்று கட்டடம் முழுதும் அவரிடம் அச்சம் கொண்டிருந்தது. அவர் ஆணையை இருமுறை படித்தார். பின்னர்ப் பணியாளர் அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். அதன்படி, அதிகாரிகளுக்கு நாள்தோறும் வழங்கப்படும் படித்தொகை இனி வாரத்திற்கு ஒருமுறை வழங்கப்படும். ஒரு நாளைக்கு இருமுறை வரும் தேநீர் வாரத்திற்கு இருமுறை வரும். அவ்விரண்டும் திங்கட்கிழமையே வந்துவிட்டன. மதிய உணவு இடைவேளை ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் முடிந்துவிட்டது. குடிநீர்க் குடுவையும் அவ்வாறே.

வருகைப் பதிவில் திங்கட்கிழமை கையெழுத்திட்டவர்கள் அந்த நாளுக்குரிய கடமையைச் செய்துவிட்டதாகக் கருதி வீட்டிற்குச் சென்றனர். செல்லாதவர்கள் மாலை ஐந்து மணிக்கு எழ முயன்றபோது, நாள் இன்னும் முடியவில்லை என்று காவலர் கதவைத் திறக்க மறுத்தார். வெளியார் வரவும் போகவும் மட்டும் தடையில்லை.

இயக்குநர் தாமே கணக்குப் பிரிவுக்கு இறங்கி வந்தார்.

"என்னம்மா இது? நாம போட்ட ஆர்டர் குழந்த மருந்துக்கு மட்டும்தானே?"

"'எல்லா நோக்கங்களுக்கும்'னு எழுதியிருக்கீங்களே சார்."

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் தரையைப் பார்த்தார்.

"கடைசி வரி கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்னு போட்டேன் சார்."

வெள்ளிக்கிழமை காலை நிலைமை முற்றியது. மாடி முழுவதும் பசியால் முகம் வாடியிருந்தது. எவரோ மேசை இழுப்பறையில் பழைய பிஸ்கட் கண்டெடுத்ததாக வதந்தி பரவியது. இயக்குநர் வழக்கம்போல் தம் இரத்த அழுத்த மாத்திரையை வாயருகே கொண்டுசென்றபோது, துணை இயக்குநர் பதற்றத்துடன் தடுத்தார்.

"சார்! ஒரு நாளைக்கு ஒண்ணுதானே? திங்கட்கிழமையே போட்டுட்டீங்க!"

"யோவ்!" என்று இயக்குநர் முழங்கினார். "இது உடம்பு விஷயம்யா! இதுல போயி ஆர்டரக் கொண்டு வருவியா?"

மாத்திரையை விழுங்கிய பின்னரே அவர் அமைதியுற்றார். ஆணையை உடனே நீக்கிவிடலாம். ஆனால் நீக்கினால் விடை மீண்டும் ஏழாகும், ஆய்வுக் குழுவோ மூன்று மணிக்கு வருகிறது. ஆகவே ஒரு நடுவழி காணப்பட்டது. ஆணையை நீக்கும் மறு ஆணை தட்டச்சு செய்யப்பட்டு, இயக்குநரின் சட்டைப்பையில் வைக்கப்பட்டது. குழுவின்முன் நடக்கும் விழா முடிந்த மறுகணமே அதில் கையெழுத்திடுவார். அதுவரை பசி பொறுத்தல் அலுவலகக் கடமை என்று அறிவிக்கப்பட்டது.

விழாவின் அமைப்பு எளிமையானது. அளவுகோல் மேடையேறி, தம் ஒரு நாள் கூலியைக் கொடுத்து, அலமாரியிலிருந்த புட்டியை எல்லோரும் காண விலைக்கு வாங்க வேண்டும். விற்பவராக மருத்துவமனை மருந்தாளுநர் அழைத்து வரப்பட்டார். படத்திற்கு ஒரு குழந்தையும் தேவைப்பட்டது.

"உங்க பொண்ணையே கூட்டிட்டு வாங்க" என்று இயக்குநர் ஏணியிடம் கூறினார். "காதுல பஞ்சு மட்டும் வேண்டாம். படத்துல சோகமாத் தெரியும்."

மனைவி மகளுடன் வந்து சேர்ந்தார். துணை இயக்குநர் அவரிடம் ஒரு கரண்டியைக் கொடுத்து நெறிமுறையை விளக்கினார்.

"புட்டியத் திறக்கக் கூடாதும்மா. விழா முடிஞ்சதும் அது திரும்ப அலமாரிக்குப் போகணும். நீங்க வெறுங்கரண்டிய குழந்த வாய்கிட்ட கொண்டுபோங்க. படத்துல வித்தியாசம் தெரியாது."

"வெறுங்கரண்டியா?"

"ஆமா."

"சரிங்க சார்" என்றார் மனைவி. அந்தச் 'சரி'யை ஏணி திருமணமான நாள் முதலாக அறிவார். அவர் உடனே, 'ஒரு நாள் கூலியில் ஒரு குழந்தையின் நலம்' என்று எழுதிய பதாகையைக் கட்ட ஏணியில் ஏறிவிட்டார். இறங்கும் வழியில், அலமாரியின் உச்சித் தட்டிலிருந்த புட்டியையும் துணை இயக்குநரின் சொற்படி அவரே எடுத்துத் தந்தார். ஐந்தாம் மாடியில் வேறெவருக்கும் அது எட்டவில்லை.

மூன்று மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. குழுவின் தலைவி நரைத்த தலையும் கனிந்த முகமும் உடையவர். அவர் முன்வரிசையில் அமர்ந்ததும் இயக்குநர் உரையாற்றினார்.

"மாண்புமிகு குழுவினரே! இந்நாட்டில் ஏழ்மை இருக்கிறது என்று சிலர் கூறினர். நாங்கள் ஆராய்ந்தோம். ஏழ்மை இல்லை, நாள்கள்தாம் குறுகலாக இருந்தன. அக்குறையை ஒரே கையெழுத்தில் நீக்கினோம். ஒரு குழந்தைகூட விடுபடாதவாறு கணக்கிட்டோம். கணக்கில் இல்லாத குழந்தைகளைப் பற்றி எங்களுக்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை!"

குழுவினர் கைதட்டினர். பின்வரிசையில் பசித்திருந்த அலுவலர்களும் கைதட்டினர். விழா விரைவில் முடியவேண்டும் என்ற ஆவலால் அவர்களது கைதட்டல் மிக உரக்க ஒலித்தது.

அடுத்து, கணக்கு அதிகாரி மேடையேறி ஏணியிடம் ஓர் உறையைத் தந்தார். ஆணைப்படி ஒரு நாள் கூலி. ஏணி அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். அவர் வாழ்நாளில் பெற்ற ஒரு நாள் கூலிகளில் அதுவே மிகப் பருமனானது. அவர் அதை மருந்தாளுநரிடம் கொடுத்தார். மருந்தாளுநர் எண்ணிப் பார்த்து இரசீது எழுதிப் புட்டியைத் தந்தார்.

"நாலா உடைக்க வேண்டியதில்லையா சார்?" என்று ஏணி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சும்மா இருய்யா, சிரிப்பு வந்துடும்" என்றார் மருந்தாளுநர்.

புட்டி மனைவியின் கைக்கு வந்தது. படம் எடுப்பவர் முன்னே வந்தார். இயக்குநர், தூய வெள்ளைச் சட்டையில், குழந்தையின் எதிரே புன்னகையுடன் நின்றார்.

அப்போது 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. அது புட்டியின் மூடி முத்திரை உடைந்த ஒலி. மனைவி புட்டியை நன்கு குலுக்கி, கரண்டி நிறைய ஊற்றி, மகளின் வாயில் வைத்தார்.

"அம்மா, வெறுங்கரண்டி... வெறும்..." என்று இயக்குநர் புன்னகை கலையாமல் பற்களின் இடையே கூறினார்.

ஏணி மகளின் கன்னங்களைப் பார்த்தார். அவை உப்பியிருந்தன. எதிரே வெள்ளைச் சட்டை. தூரமும் நாட்காட்டி இருந்த தூரமே. அவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் அஞ்சியது சட்டைக்காக அன்று. துப்பினால் பாதி மருந்து போய்விடும் என்பதற்காகவே.

வாலு இயக்குநரை உற்று நோக்கினாள். பின்னர்ப் புட்டியை நோக்கினாள். பின்னர் விழுங்கினாள்.

"ஆரஞ்சு மிட்டாய்" என்று அறிவித்தாள். "இன்னொரு கரண்டி."

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. குழுத் தலைவி எழுந்து வந்து குழந்தையின்முன் குனிந்தார்.

"கசக்குதா கண்ணு?"

"ம்ஹூம்."

தலைவி நிமிர்ந்து இயக்குநரைக் கேட்டார்.

"ரொம்ப நல்லது. இந்த மருந்து இங்க இன்னும் எத்தன புட்டி இருக்கு?"

"இருந்தது மேடம்."

"எத்தன இருந்தது?"

"ஒண்ணு மேடம்."

இயக்குநரின் நெற்றியில் வியர்வை தோன்றியது. அந்த மாடியில் மின்விசிறி இல்லை. ஏசி வியாழக்கிழமையிலிருந்தே இயங்கவில்லை, ஏனெனில் அது ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமே ஓட வேண்டும் என்று விதி இருந்தது. தலைவி தம் குறிப்பேட்டில் எழுதியவாறே வாய்விட்டுப் படித்தார்.

"நேர்ல பாத்த தேவை ஒண்ணு. நேர்ல பாத்த மருந்து ஒண்ணு. கிடைக்கிற அளவு, நூத்துக்கு நூறு. வாழ்த்துகள்! மத்த நாடுகளுக்கு நீங்க ஒரு முன்னுதாரணம்."

குழுவினர் கைகுலுக்கி விடைபெற்றுச் சென்றனர். கதவு மூடியதும் இயக்குநர் கணக்கு அதிகாரியிடம் பாய்ந்தார்.

"அந்தப் புட்டியத் திரும்ப வாங்குங்க! இல்லன்னா கூலியத் திரும்ப வாங்குங்க!"

"தொறந்த புட்டியத் திரும்ப வாங்கக் கூடாதுன்னு உங்க சுவரொட்டியிலயே போட்டிருக்கு சார். கூலி, அவருக்கு ஒரு நாளைக்கு உண்டானது. உங்க ஆர்டர் இருக்கும்போது கொடுத்தது. மருந்து வித்த பணம் இதோ, மருந்தாளுநர்கிட்ட இருந்து இயக்ககத்துக்கே வந்துடுச்சு. வந்ததும் போனதும் நேரா இருக்கு. எதத் திரும்ப வாங்கச் சொல்றீங்க?"

இயக்குநர் சிந்தித்தார். நூற்றுக்கு நூறு. முன்னுதாரணம். அவரது முகம் மெல்ல மலர்ந்தது.

"சரி, விடுங்க. அடுத்த வருஷம் இன்னொரு புட்டி வாங்கிக்கலாம்."

வெளியே நடைக்கூடத்தில், ஏணி ஒரு தோளில் ஏணியையும் மறுதோளில் மகளையும் சுமந்து நின்றார். மனைவியின் முந்தானையில் புட்டி முடியப்பட்டிருந்தது. இடுப்பில் கைக்குழந்தையுடன் படியேறி வந்த ஒரு பெண், மூச்சிரைக்க அவரை நிறுத்தினார். அவர் கையில் மருந்துச் சீட்டும், அரைகுறையாக உடைத்த மாத்திரைப் பொட்டலமும் இருந்தன.

"அண்ணே, காது வலி சிரப்பு இங்க கொடுக்கறதா கீழ பேசிக்கிறாங்களே, நிஜமா?"

"கொடுக்கறாங்கம்மா. ஆனா அதுக்கு மொதல்ல எனக்குக் கீழ சம்பளம் வாங்கணும்."

அப்பெண் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் பொட்டலத்தைப் பார்த்தார். ஏணியின் மனைவி புட்டியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து நோக்கினார். பின்னர்க் கணவரை நோக்கினார்.

"தீர்ற வரைக்கும் கொடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இதுல பங்கு போட முடியாதுங்க."

"தெரியும்" என்றார் ஏணி. சற்று நின்று, அப்பெண்ணிடம் ஐந்தாம் மாடிக் கதவைக் காட்டினார். "உள்ள போங்கம்மா. போயி, அடுத்த அளவுகோல் நான்தான்னு சொல்லுங்க. கைதட்டுவாங்க, பயப்படாதீங்க. புட்டிய அடுத்த வருஷம் வாங்கறதா உள்ள பேசிக்கிட்டது காதுல விழுந்துது. இப்பவே வாங்கச் சொல்லி உக்காந்துடுங்க. கணக்கம்மா உள்ளதான் இருக்காங்க, அவங்க பக்கத்துல உக்காருங்க."

அப்பெண் கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார்.

படியில் இறங்குகையில் மனைவி கேட்டார்.

"அடுத்த வேள எப்பங்க?"

"இன்னிக்கு ராத்திரி."

"எந்த இன்னிக்கு?"

"நம்ம இன்னிக்குடி."

வாலு தந்தையின் தோளில், பஞ்சில்லாத இடக்காது மேலே இருக்குமாறு படுத்திருந்தாள். தந்தை அக்காதினருகே, தமக்கே கேளாத குரலில், "மிட்டாய்" என்றார்.

"ஆரஞ்சு" என்றாள் மகள், கண்ணைத் திறவாமலே.

ஏணியை ஏந்திய தோள் குலுங்கியது. அவர் சிரித்தாரா, வேறேதும் செய்தாரா என்று பின்னால் வந்த மனைவிக்குத் தெரியவில்லை.

மேலே, கைக்குழந்தையுடன் ஒரு பெண் தம் எதிரே உறுதியாக அமர்ந்துவிட்டதைக் கண்ட இயக்குநர், அவசரமாகத் தம் சட்டைப்பையிலிருந்த மறு ஆணையை எடுத்துக் கையெழுத்திட்டார். அக்கணமே அக்கட்டடத்தில் ஒரு நாள் மீண்டும் ஒரு நாளாயிற்று. தேநீர் வந்தது. காவலர் கதவைத் திறந்தார். மருந்து மீண்டும் ஏழு நாள் கூலியாயிற்று. அப்போது பிற்பகல் நான்கு மணி ஐந்து நிமிடம்.